மேற்கே போகும் லிட்டரும் கிழக்கே வரும் லிட்டரும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எந்த ஊர் டேனரிக்குள் போனாலும் கடைசிக் கட்டத்தில் தோலை அளக்கும் மெஷின் ஒன்று நிற்கும். ஃபினிஷ் முடிந்த தோலை ஒரு பக்கம் விரித்துக் கொடுத்தால் மறுபக்கம் வெளியே வரும்போது எத்தனை சதுர அடி என்று எண் விழும். அதே தோலை வாங்கியவர் தன் கம்பெனியில் மறுபடி அளந்தால் எண் கொஞ்சம் மாறும். காற்றில் இருக்கும் ஈரம், மெஷினின் வகை, தோலை விரித்த கை எல்லாமே அளவை மாற்றும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் இருப்பவர் எவரும் விற்பவர் சொன்ன அளவோடு கணக்கை முடிப்பதில்லை. "நம்ம மெஷின்ல ஒரு தடவ போட்டுப் பாத்துடலாம்" என்பதுதான் இங்கே வழக்கம்.

கார் வாங்கும்போது மட்டும் அந்த வழக்கத்தை மறந்துவிடுகிறோம். ஷோரூமில் சொன்ன மைலேஜை மனதில் வைத்துக்கொண்டு, மூன்றாவது மாதத்தில் வண்டியின் மேல் கோபப்படுகிறோம். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவியை வேலூர்–ஆம்பூர் பக்கம் ஓட்டுகிறவர் தன் மைலேஜைத் தானே அளந்து தெரிந்துகொள்ளவும், முடிந்த அளவு கூட்டிக்கொள்ளவும் வேண்டியதை இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

விளம்பரத்தில் வரும் மைலேஜுக்கு ‘ஏஆர்ஏஐ மைலேஜ்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. ஏஆர்ஏஐ என்பது புனேயில் இருக்கும் வாகன ஆராய்ச்சி நிறுவனம், 1966ல் தொடங்கப்பட்டது. சோதனை சாலையில் நடப்பதில்லை. காரை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் நிறுத்தி, ஏற்கெனவே வகுத்த ஒரு வேகத் திட்டப்படி ஓட்டுகிறார்கள். மொத்தம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் குறைவு. கடக்கும் தூரம் சுமார் பத்தரை கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. பக்கம். உச்ச வேகம் 90. அதுவும் கடைசியில் சிறிது நேரம்தான். ஏ.சி. போடுவதில்லை.

நம்மில் யாரும் இப்படி ஓட்டுவதில்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் 100ல் போகிறோம், ஆம்பூருக்குள் 10ல் ஊர்கிறோம், சித்திரை வெயிலில் ஏ.சி.யை முழு வேகத்தில் வைக்கிறோம். அதனால் அந்த எண்ணை ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட வைத்துக்கொள்ளலாம். மாதச் செலவைக் கணக்குப் போட அது உதவாது.

ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 2020ல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா பெட்ரோல் எஞ்சினோடு வந்தபோது கியர் வண்டிக்கு 17.03 என்றும் ஆட்டோமேட்டிக்குக்கு 18.76 என்றும் அறிவித்தார்கள். ஆட்டோமேட்டிக் அதிகம் தருகிறதே என்று பலர் வியந்தார்கள். வண்டி நின்றதும் எஞ்சினைத் தானே அணைக்கும் சிறு ஹைப்ரிட் அமைப்பு அப்போது ஆட்டோமேட்டிக்கில் மட்டும் இருந்தது. ஆய்வுக்கூடத் திட்டத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நேரம் கார் நின்றே இருக்கும். அங்கே அந்த அமைப்புக்கு நல்ல வேலை. வேலூரிலிருந்து ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அந்த லாபத்தில் பெரும்பகுதி கிடைக்காது. வேலூர் ஊருக்குள்ளேயே சுற்றுகிறவருக்குக் கிடைக்கும். எண் ஒன்றுதான் என்றாலும் ஆளுக்கு ஆள் அதன் மதிப்பு வேறு.

விளம்பரத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா என்றால், சொல்லக் கூடாது. கேரளத்தில் திருச்சூர் நுகர்வோர் ஆணையம் 2022ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. லிட்டருக்கு 32 கி.மீ. என்று விளம்பரம் செய்து விற்ற டீசல் கார், நிபுணர் சோதனையில் 20கூடத் தரவில்லை. வாங்கியவருக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். அங்கே வழக்கை நிலைநிறுத்தியது முறையாகச் செய்த அளவு. நம் அளவும் முறையாக இருக்க வேண்டும்.

பாலாறு காட்டும் சாய்வு

வேலூர்–ஆம்பூர் சாலையில் பல வருடம் போய்வருகிறவர்கள்கூடக் கவனிக்காத ஒன்று உண்டு. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48 இந்தப் பகுதியில் பாலாற்றின் ஓரமாகவே போகிறது. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களே அதிகம் என்பதால் அது எந்தப் பக்கம் ஓடும் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. மேற்கே கர்நாடகத்தில் பிறந்து கிழக்கே கடலைப் பார்த்து ஓடும் ஆறு அது. அப்படியென்றால் ஆம்பூர் மேடு, வேலூர் பள்ளம். வேலூர் கடல் மட்டத்துக்கு மேல் 216 மீட்டர் என்றால் ஆம்பூர் ஏறத்தாழ 100 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருக்கிறது. 50 கி.மீ. தூரத்தில் பரவிய ஏற்றம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினுக்குத் தெரியும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள வண்டியை 100 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 14 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 320 லட்சம் ஜூல் இருந்தாலும் எஞ்சின் அதில் நான்கில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டும் சுமார் 170 மில்லி பெட்ரோல் போகிறது. சமதளத்தில் லிட்டருக்கு 18 தரும் வண்டி, ஆம்பூருக்குப் போகும்போது 17ம் திரும்பும்போது 19ம் தரும். வண்டி அதே வண்டி, ஓட்டுநரும் அதே ஓட்டுநர்.

ஆடி மாதத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். ஜவ்வாது மலைக்கும் வடக்கே இருக்கும் மலைகளுக்கும் நடுவே மேல்காற்று நேராக முகத்தில் அடிக்கும். 80ல் போகும் வண்டிக்கு எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், காற்றைப் பொறுத்தவரை வண்டி 100ல் போகிறது. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும்.

எனவே ஒரு வழிப் பயணத்தை வைத்து மைலேஜ் சொல்லாதீர்கள். ‘ஆம்பூர்லருந்து வேலூர் வந்தேன், இருபது குடுத்துச்சு’ என்பவரும், ‘வேலூர்லருந்து பெங்களூரு போனேன், பதினஞ்சுதான்’ என்பவரும் இருவருமே உண்மை சொல்கிறவர்களாக இருக்கலாம். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரம். போய்த் திரும்பிய பிறகு எடுக்கும் எண்தான் உங்கள் எண்.

டேங்க் முதல் டேங்க் வரை

லெதர் சாம்பிளை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்கும் சென்னை பெரியமேட்டுக்குமாக அலைகிற நண்பர் ஒருவரிடம் கேட்டேன்.

"பாய், வண்டி எவ்ளோ குடுக்குது?"

"பதினெட்டரை."

"எப்படிச் சொல்றீங்க?"

"டிஸ்ப்ளேலயே காட்டுதே."

மீட்டர் பக்கத்துத் திரையில் வரும் எண் எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் தெளிக்கப்பட்டது என்பதை வைத்துப் போடும் கணக்கு. பல வண்டிகளில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட அது போதும். செலவுக் கணக்குக்கு டேங்கை நிரப்பித்தான் பார்க்க வேண்டும்.

முறை எளிது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டியும் ஒரே திசை பார்த்து நிற்கட்டும். ஃபுல் டேங்க் அடித்து ஓடோமீட்டர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 300, 400 கி.மீ. ஓடிய பிறகு அதே இடத்தில் மறுபடி ஃபுல். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். நாம் தவறுவது ஒரே ஒரு இடத்தில். நாசில் ‘டக்’ என்று தானே நின்றதும் பையன் நம் முகத்தைப் பார்ப்பான். "ணா, ரவுண்டா பண்ணிடட்டுமா?" பண்ணச் சொன்னால் இன்னும் அரை லிட்டரோ முக்கால் லிட்டரோ கழுத்து வரை ஏறும். அடுத்த முறை அதே அளவு ஏறும் என்று சொல்ல முடியாது. 20 லிட்டர் கணக்கில் முக்கால் லிட்டர் பிசகினால் மைலேஜ் கிட்டத்தட்ட 4 சதவீதம் மாறிவிடும். கழுத்து வரை நிரப்புவது பெட்ரோல் ஆவியைச் சேர்த்துவைக்கும் கரி டப்பாவுக்கும் கெடுதி. "வேணாம் தம்பி, கட் ஆனதோட போதும்" என்று சொல்லிவிட்டு, விழுந்த தொகையை அப்படியே கொடுங்கள்.

ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். குறைந்தது மூன்று டேங்கின் தூரத்தையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டி வகுங்கள். ஓடோமீட்டர் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லை வைத்து 10 கி.மீ. ஓட்டிப் பார்க்கலாம். அளவைவிடப் பெரிய டயர் மாட்டிய வண்டியில் மீட்டர் குறைவாகக் காட்டும். அதனால் மைலேஜும் குறைந்ததுபோலத் தெரியும்.

பங்கில் அளவு குறைகிறதோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளை ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை முன்பின் போகலாம். கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்பதை மட்டும் விட்டுவிடலாம். பெட்ரோல் பூமிக்கடியில் தொட்டியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறுவதில்லை.

80க்கும் 100க்கும் நடுவே

எஸ்யூவி என்று பெயர் வைத்தாலே வண்டி உயரமாகவும் முகம் அகலமாகவும் இருக்கும். அந்த முகம் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80லிருந்து 100க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, காற்றின் தடையோ 56 சதவீதம் கூடுகிறது. 110க்குப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பு. அதே எஞ்சின் உள்ள தாழ்வான ஹேட்ச்பேக்கைவிட இவ்வகை வண்டிக்கு இந்தத் தண்டம் அதிகம். 80ல் 18 தரும் வண்டி 100ல் 15 பக்கம் இறங்கினால் வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

இதை ரூபாயில் பார்ப்போம். வேலூரில் குடியிருந்து ஆம்பூரில் வேலை பார்க்கிறவர் ஒரு நாளைக்கு 100 கி.மீ., மாதம் 25 நாள், 2,500 கி.மீ. ஓட்டுகிறார் என்று வையுங்கள். 18 வீதம் 139 லிட்டர். 15 வீதம் 167 லிட்டர். வித்தியாசம் 28 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலே மாதம் 2,800 ரூபாய். அந்த வேகத்தால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? 50 கி.மீ. தூரத்தை ஒரே சீராக 80ல் கடந்தால் முப்பத்தேழரை நிமிடம், 100ல் கடந்தால் முப்பது நிமிடம். ஏழரை நிமிடம்! அதிலும் செவ்வாய்க்கிழமையானால் பொய்கை மாட்டுச்சந்தை கூட்டத்தில் பாதி கரைந்துவிடும். ஆம்பூர் பிரியாணிக்கும் கத்திரிக்காய்க்கும் உட்கார்ந்தால் இதைப்போல மூன்று மடங்கு நேரம் போகிறது. அதை யாரும் வீண் என்று சொல்லமாட்டோம். சாலையில் 80, 85ல் நிதானமாகப் போவதையும் அப்படி எடுத்துக்கொள்ளலாம்.

லாரிகள் நிறைந்த சாலை இது. வேகத்தை ஏற்றி, பிரேக் பிடித்து, மறுபடி ஏற்றும் ஒவ்வொரு முறையும் எரித்த பெட்ரோல் பிரேக்கில் சூடாகப் போகிறது. முன்னால் 300 மீட்டர் பார்த்து ஓட்டுங்கள். சுங்கச்சாவடியின் கூரை தெரிந்ததுமே காலை எடுத்துவிடுங்கள், கியரை மாற்ற வேண்டாம். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். வண்டியே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும்.

இதை ஏலகிரி இறக்கத்தில் கட்டாயம் நினைவில் வையுங்கள். புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் சூட்டிய 14 கொண்டை ஊசி வளைவுகள், 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். குடும்பத்தோடு ஏறும்போது அந்த உயரத்துக்கு மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் செலவாகும். அதில் கொஞ்சத்தை இறங்கும்போது மீட்கலாம் என்று சிலர் நியூட்ரலில் உருட்டுகிறார்கள். எரிபொருளும் மிச்சமாகாது, பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். அப்போது எரிபொருள் செலவு கிட்டத்தட்ட சுழியம்.

ஊருக்குள்

சாயங்காலம் ஷூ கம்பெனி ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஆம்பூருக்குள் மாட்டியவருக்குத் தெரியும். கம்பெனி பஸ்கள், வேன்கள், ஷேர் ஆட்டோ, நடந்துவரும் பெண்கள் கூட்டம் என்று சாலை நிரம்பிவிடும். வேலூரில் கிரீன் சர்க்கிளும் சி.எம்.சி. வாசலும் காட்பாடி சாலையும் எந்நேரமும் அப்படித்தான். ஏ.சி.யோடு நிற்கும் சின்ன பெட்ரோல் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கும். பத்து நிமிடம் நின்றால் நெடுஞ்சாலையில் மூன்று கி.மீ. ஓட வேண்டிய பெட்ரோல் போய்விட்டது. அதனால் ஊருக்குள் பெட்ரோல் எஸ்யூவி 10 முதல் 13 வரை தருவது இயல்பு. இந்த எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

இதைவிட மோசம் குறுகிய ஓட்டம். வீட்டிலிருந்து மூன்று கி.மீ. தூரத்தில் டேனரி, மதியம் சாப்பிட வீடு, மறுபடி டேனரி. எஞ்சின் சூடாகி ஒழுங்குக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். குளிர்ந்த எஞ்சினுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். எண்ணெயும் கெட்டியாக இருக்கும். இப்படி மட்டுமே ஓடும் வண்டிக்கு எந்த மெக்கானிக்கும் மைலேஜ் கூட்டித் தர முடியாது. அந்தத் தூரத்துக்கு ஸ்கூட்டரை எடுங்கள்.

தமிழ்நாட்டில் வெயிலுக்குப் பேர்போன ஊர்களில் வேலூர் ஒன்று. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. களைத்த ஓட்டுநர் விபத்துக்கு வழி. வேறு விதமாகச் செய்யலாம். வெயிலில் நின்ற வண்டியின் நான்கு கதவையும் ஒரு நிமிடம் திறந்துவையுங்கள். வண்டியைக் கிளப்பி, கண்ணாடியை இறக்கியபடி அரை கி.மீ. ஓட்டி அனலை வெளியேற்றிவிட்டு ஏ.சி. போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ‘குளிரட்டும்’ என்று பத்து நிமிடம் வெளியே நிற்பதுதான் வீண். கம்பெனி வளாகத்தில் வேப்பமர நிழல் இருந்தால் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்றுத் தடை கூடும், அங்கே ஏ.சி.யே நல்லது.

டயர் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். வேலூரிலிருந்து மே மாத மதியத்தில் ஓட்டிவந்து ஆம்பூரில் காற்றுப் பார்த்தால் மூன்று நான்கு பாயிண்ட் அதிகம் காட்டும். கடைப் பையன் உடனே இறக்கப் பார்ப்பான். விடாதீர்கள். சூட்டில் ஏறிய காற்று அது. இறக்கினால் மறுநாள் காலை டயர் தளர்ந்து கிடக்கும், மைலேஜும் இறங்கும். காலையில், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். மேலே கேரியர் மாட்டியிருந்தால், சாமான் ஏற்றாத நாளில் கழற்றி வையுங்கள். ஏர் ஃபில்டரை சர்வீஸ் புத்தகம் சொல்லும் கெடுவில் மாற்றினால் போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட அறிக்கை, எத்தனாலுக்காக வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், 10 சதவீதத்துக்கு வடிவமைத்து 20க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. 2018 வண்டியில் 17 கிடைத்த இடத்தில் இப்போது 16 கிடைத்தால் முதலில் இதை நினையுங்கள். எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம்.

எந்த எஞ்சின் யாருக்கு

நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இந்த வரம்புக்குள் இவ்வளவு வகை எஸ்யூவிகள் குவிந்ததற்கு அந்த வரிக் குறைவே காரணம். அவற்றில் பல நம் பக்கத்துத் தயாரிப்பு. 2013ல் வந்து இந்த வகையையே பிரபலமாக்கிய ஃபோர்டு எகோஸ்போர்ட் மறைமலைநகரில் செய்யப்பட்டது; 2022ல் நின்றது. 2019ல் வந்தபோது ஹூண்டாய் வென்யூ தயாரான இருங்காட்டுக்கோட்டை ஆலை நம் இதே 48ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரம். நிசான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் ஒரகடம்.

ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் மெதுவாக மிதித்தால் சிக்கனமாக இருக்கும்; அழுத்தினால் குடிக்கும். ஆய்வுக்கூட எண்ணுக்கும் சாலை எண்ணுக்கும் இடைவெளி இவ்வகையில்தான் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறும். லாரியை லாரியாக முந்திப் பழகியவருக்கு டர்போ இல்லாத எஞ்சினே கையைக் கடிக்காது என்பது என் கருத்து.

டீசலா பெட்ரோலா என்பதை மாத ஓட்டம் தீர்மானிக்கட்டும். பெட்ரோல் வண்டி 16, டீசல் வண்டி 20 தருகிறது, பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 ரூபாய், டீசல் வண்டியின் விலை 1,20,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துப் பார்ப்போம். மாதம் 2,500 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மாதம் சுமார் 4,200 ரூபாய் மிச்சம். இரண்டரை ஆண்டுக்குள் கூடுதல் விலை திரும்பிவிடும். மாதம் 600 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மிச்சம் ஆயிரம் ரூபாய்தான். கூடுதல் விலை திரும்பப் பத்து ஆண்டு ஆகும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிடுங்கள்.

டீசலில் இன்னொன்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் நிற்காமல் இருபது, முப்பது நிமிடம் ஓட வேண்டும். வேலூர்–ஆம்பூர் போய்வருகிறவருக்கு இது தானாக நடந்துவிடும். ஆம்பூருக்குள்ளேயே மூன்று கி.மீ. ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், செலவும் தொடரும். அவர் டீசல் வாங்கவே கூடாது.

சி.என்.ஜி.யும் இருக்கிறது. பிரெஸ்ஸா சி.என்.ஜி.க்கு அறிவித்த எண் கிலோவுக்கு 25.51 கி.மீ. ஆனால் பின்னால் சிலிண்டர் உட்கார்ந்துவிடும். தோல் கட்டும் ஷூ சாம்பிள் பெட்டியும் ஏற்றுகிறவர்கள் வாங்குவதற்கு முன் ஒரு பெட்டியைக் கையோடு ஷோரூமுக்குக் கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். தினமும் போகும் வழியில் நிரப்பும் நிலையம் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் விற்பவர் சொல்லும் மைலேஜைக் கேட்டுக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளாதீர்கள். வண்டியை ஒரு முழு நாள் கேட்டு வாங்குங்கள். வேலூரில் ஃபுல் டேங்க், ஆம்பூர் போய், ஊருக்குள் அரை மணி நேரம் சுற்றி, திரும்பி வந்து அதே பம்பில் மறுபடி ஃபுல். ஆறு, ஏழு லிட்டர் பிடிக்கும், நூறு கி.மீ. கணக்கு என்பதால் ஒரு கி.மீ. முன்பின் இருக்கலாம். 12க்குக் கீழே வந்தால் விலை பேசுவதற்கு முன் வண்டியை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒரு நாள் கொடுக்க மறுக்கும் வண்டியை விட்டுவிடுங்கள்.

இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்து டாஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள். தேதி, ஓடோமீட்டர், லிட்டர், ரூபாய் என்று நான்கு கட்டம் போட்டால் போதும். அடுத்த ஃபுல் டேங்கிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.